சீனிக்கு மதிய மருந்து

என் மகள் ஷிபா வேலை கிடைத்துச் சென்னைக்குப் போனதையும், பசுமலையில் அவள் படித்த கல்லூரியின் ஆய்வகம் வேண்டாமென்று ஒதுக்கிய வெள்ளை எலியை என் தலையில் கட்டிவிட்டுப் போனதையும், அந்த எலி நெஞ்சுச்சளியில் படுத்துவிட்டதையும் போன வாரம் சொல்லியிருந்தேன். இந்த வாரம் சொல்லப்போவது என் வீட்டுக்காரரைப் பற்றி. கோபத்தோடுதான் சொல்வேன். ஆறின பிறகு சொல்லலாம் என்று காத்திருந்து பார்த்தேன். ஆறுகிற மாதிரி தெரியவில்லை.

எலியின் பெயர் சீனி. ஷிபா வைத்த பெயர். ஆரம்பத்தில் நானும் முகம் சுளித்தவள்தான். அவள் போன பிறகு இந்த வில்லாபுரம் வீட்டில் பகல் முழுக்க என்னோடு இருந்தது அது ஒன்றுதான். காய் நறுக்க உட்கார்ந்தால் முழங்கையைப் பிடித்துத் தோளில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். பிறகு எங்கிருந்து முகம் சுளிப்பது? பெற்ற பிள்ளைக்குப் பார்ப்பது போலத்தான் பார்த்தேன்.

டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். காலை, மதியம், ராத்திரி மருந்து உள்ளே போயாக வேண்டும். ஒரு வேளை விட்டாலும் மூச்சு அடைத்துவிடும்.

சரியாக அந்த வாரம் பார்த்துத்தான் கொட்டாம்பட்டியில் என் நாத்தனார் ஷாஹீதா புது வீட்டுக்குக் குடிபோனாள்.

"கூடையில வச்சு கூடவே தூக்கிட்டு வாரேன். ஒரு ஓரமா இருக்கும்," என்றேன்.

என் வீட்டுக்காரர் சேக் மைதீன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். கீழமாசி வீதியில் பருப்பு மொத்த வியாபாரம். அவருக்குக் கடையும் பெரிது, கௌரவம் அதைவிடப் பெரிது.

"இந்தா பாரு நிசா. குடோன்ல எலிய ஒழிக்கிறதுக்குத்தான் நான் தினமும் மல்லுக்கட்டுறேன். எம் பொண்டாட்டி எலியக் கூடையில வச்சு விசேஷத்துக்குத் தூக்கிட்டு வந்தா, பஜார்ல ஒருத்தன் பாக்கியில்லாம சிரிப்பான்."

"அப்ப நான் வரல."

"ஷாஹீதா மொத மொத சொந்த வீட்டுக்குப் போறா. நீ வராம இருந்தா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவகிட்டப் பேசுறது?"

"மருந்து யாரு குடுக்குறது?"

"சரக்கு எறக்குறேன்னு ஷாஹீதாகிட்டச் சொல்லிட்டு நான் கடையிலயே இருக்கேன். மதியம் வீட்டுக்கு வந்து நானே குடுக்குறேன். போதுமா?"

போதும் என்று நம்பினேன். ஊசி கழற்றிய சிரிஞ்சில் மருந்தை எடுத்து, சீனியைத் துண்டில் சுற்றிப் பிடித்து, கடைவாய்ப் பக்கமாக மெல்ல விட வேண்டும். காலை மருந்தை அவர் கையாலேயே கொடுக்க வைத்தேன். ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் கொடுத்தார். அதைப் பார்த்த நிம்மதியில்தான் உறவுக்காரப் பெண்களோடு பஸ் ஏறினேன்.

கொட்டாம்பட்டியில் மவுலூது ஓதி முடித்துப் பந்தி விரித்துக்கொண்டிருந்தார்கள். நெய்ச்சோறும் தாளிச்சாவும் மணத்தது. நான் பெண்களோடு உள்ளே நின்று தயிர்ப்பச்சடி கிண்ணங்களை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு கார் வந்து நின்றது. ஜமாத்துப் பெரியவர்கள் இறங்கினார்கள். அவர்களுக்குப் பின்னால், வெள்ளைச் சட்டையும் அத்தர் வாசமுமாக என் வீட்டுக்காரர் இறங்கினார்.

என் கையில் இருந்த கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்குப் போனேன்.

"நீங்க எப்படி இங்க?"

"ஷாஹீதா மாப்ள அசீம் அனுப்புன காரு. பெரியவுகளக் கூட்டியார வந்துச்சு. கடை வாசல்ல நிறுத்தி, ஏறு ஏறுன்னு ஒரே பிடிவாதம். வரமாட்டேன்னு எப்படிச் சொல்ல?"

"சீனிக்கு?"

"மெதுவாப் பேசு."

"சீனிக்கு மதிய மருந்து யாரு குடுக்குறா?"

"அதெல்லாம் ஏற்பாடு பண்ணிட்டேன். சின்னான்கிட்ட வீட்டுச் சாவியக் குடுத்துட்டுத்தான் வண்டியில ஏறுனேன்."

சின்னான் எங்கள் கடை ஆள். ஷிபா பிறப்பதற்கு முன்பிருந்தே இருக்கிறான். சொன்னதைச் சொன்னபடி செய்வான். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

"பாட்டில் பிரிட்ஜு கதவுல இருக்குன்னு சொன்னீங்களா? சிரிஞ்சு எங்க இருக்குன்னு சொன்னீங்களா?"

அவர் தொப்பியைச் சரிசெய்தார். பக்கத்தில் நின்ற பெரியவரைப் பார்த்துச் சிரித்தார்.

"ஏங்க, உங்களத்தான். சின்னான்கிட்ட என்னன்னு சொன்னீங்க?"

"என்னன்னு சொல்லுவாக? வீட்டுல போயி எலிக்கு மருந்து வச்சிருடான்னேன்."

எனக்குக் காது அடைத்தது.

பருப்புக் குடோன் வைத்திருக்கிறவர்கள் வீட்டில் வாழ்க்கைப்பட்டவளுக்குத்தான் அந்த வார்த்தை தெரியும். சனிக்கிழமை கடை அடைக்கும்போதெல்லாம் என் வீட்டுக்காரர் கேட்கிற கேள்வி அது. 'சின்னான், எலிக்கு மருந்து வச்சியா?' சின்னான் வைப்பான். தேங்காய்ச் சில்லில் தடவி மூட்டைச் சந்துகளில் வைப்பான். திங்கட்கிழமை செத்ததைக் கூட்டி அள்ளுவான். எலிக்கு மருந்து வைக்கச் சொன்னால் அவனுக்கு வேறென்ன அர்த்தம் இருக்க முடியும்? 'கொடு' என்று சொல்லியிருந்தால்கூட ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பான். இந்த மனிதர் வைக்கச் சொல்லியிருக்கிறார்.

அவர் முகத்தைப் பார்த்தேன். வெளுத்துப் போயிருந்தது. வாயிலிருந்து வந்த பிறகுதான் அவருக்கே அது உறைக்கிறது என்று நினைத்தேன். அப்போது அப்படித்தான் நினைத்தேன்.

சின்னானுக்கு போன் போட்டேன். முழுதாக அடித்து நின்றது. மறுபடியும் போட்டேன். எடுத்தான்.

"சொல்லுங்கம்மா."

"சின்னான், வீட்டுக்குப் போனியா?"

"போயிட்டு வந்துட்டேன்மா. தேங்காச் சில்லுல தடவி கூண்டுக்குள்ளயே வச்சுட்டேன்."

அவனே மேலும் பேசினான்.

"பழகுன எலி கணக்கா இருக்கும்மா. பயப்படவே மாட்டேங்குது. கைய விட்டா கைக்கே வந்து மோந்து பாக்குது."

நான் அந்தப் புது வீட்டின் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"சின்னான், அது ஷிபா வளக்குற எலி. அதுக்கு ஒடம்பு சரியில்ல. நீ குடுக்க வேண்டியது பிரிட்ஜுல இருக்குற சளி மருந்து."

அந்தப் பக்கம் லாரி ஹாரன் மட்டும் கேட்டது. பிறகு, "அய்யோ அம்மா," என்றான், ரொம்ப மெதுவாக.

"போ. போயி அத வெளிய எடு."

"சாவி உள்ளல்ல கெடக்கு. பூட்டிட்டு ஜன்னல் வழியா உள்ள போட்டுரச் சொல்லி மொதலாளி சொன்னாரும்மா. நான் இப்ப அவனியாபுரத்துல சரக்கு எறக்கிக்கிட்டு இருக்கேன்."

இன்னொரு சாவி என் கைப்பையில் இருந்தது. கொட்டாம்பட்டியில்.

"நீ வாசலுக்குப் போயி நில்லு. நான் வாரேன்," என்று சொல்லி எழுந்தேன்.

என் வீட்டுக்காரர் கையைப் பிடித்தார். "பந்தி போட்டுட்டாக நிசா. ஒரு வாய் சாப்பிட்டுட்டு காருலயே போயிருவோம்."

"நீங்க சாப்பிடுங்க."

"எல்லாரும் பாக்குறாக."

"பாக்கட்டும்."

ஷாஹீதா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடி வந்தாள். "மதினி, எங்க கெளம்பிட்டீக? எங்க வீட்டுல கை நனைக்காமப் போறீக, நான் எதுவும் தப்புப் பண்ணிட்டேனா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"அது ஒண்ணுமில்லம்மா. வீட்டுல கேஸ அணைக்காம வந்துட்டாளாம்."

பக்கத்தில் நின்ற ஜமாத்துப் பெரியவர் தலையை ஆட்டினார். "பொம்பளைகளுக்கே மறதி ஜாஸ்தி," என்றார்.

இத்தனை வருஷத்தில் அவர் மறந்ததற்கெல்லாம் நான் பழி ஏற்றிருக்கிறேன். சீர் வாங்க மறந்தது, நாள் மறந்தது, பத்திரிகை கொடுக்க மறந்தது எல்லாமே என் கணக்கில்தான் ஏறும். சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொள்வேன். அன்றைக்கு எனக்கு முடியவில்லை.

"கேஸ அணைச்சுட்டுத்தான் வந்தேன் ஷாஹீதா," என்றேன். எல்லாருக்கும் கேட்கட்டும் என்றுதான் சொன்னேன். "நான் ஒரு எலி வளக்குறேன். அதுக்கு ஒடம்பு சரியில்ல. மருந்து குடுக்கச் சொன்னா, உங்க அண்ணே விஷம் வைக்க ஆள் அனுப்பிட்டாரு. அதுக்குத்தான் போறேன்."

யாரோ ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு நடந்தேன்.

திருச்சியிலிருந்து வந்த பஸ்ஸில் நிற்கத்தான் இடம் கிடைத்தது. மேலூர் தாண்டும்போது ஷிபா கூப்பிட்டாள். இந்த நேரத்துக்குத் தவறாமல் கூப்பிடுவாள்.

"அம்மா, சீனிக்கு மதிய மருந்து குடுத்தாச்சா?"

சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. வேறு நாளாக இருந்தால், அத்தா அப்படி நினைத்துச் சொல்லியிருக்க மாட்டாருடி, கடை டென்ஷனில் வாய் தவறியிருக்கும் என்று நானே பூசி மெழுகியிருப்பேன். அப்பாவையும் மகளையும் ஒட்டவைத்து ஒட்டவைத்தே என் பாதி ஆயுசு போனது. அன்று என்னால் ஒரு பொய்கூடச் சொல்ல முடியவில்லை.

அவள் படித்த படிப்பு பேசியது.

"அந்த விஷப் பாக்கெட்டத் தூக்கிப் போட்டுறாதம்மா. அதுல என்ன மருந்துன்னு போட்டிருக்கும், டாக்டருக்கு அது தெரியணும். எலிக்கு வாந்தி வராதும்மா, தின்னா தின்னதுதான். ஆனா சில விஷத்துக்கு மாத்து மருந்து இருக்கு. நான் இப்பவே டாக்டர்கிட்டப் பேசுறேன்."

"சரிம்மா."

"அம்மா."

"சொல்லு."

"அத்தாவா அப்படிச் சொன்னாக?"

"ஆமா."

அவள் போனை வைத்துவிட்டாள். நான் கம்பியைப் பிடித்தபடி மாட்டுத்தாவணி வரைக்கும் நின்றேன். பக்கத்தில் இருந்த அம்மா எழுந்து இடம் கொடுத்தாள். உட்காரவில்லை. உட்கார்ந்தால் அழுதுவிடுவேன் என்று பயம். அழுகிற நேரமில்லை அது.

வில்லாபுரத்தில் ஆட்டோவிலிருந்து இறங்கியபோது சின்னான் வாசலில் நின்றிருந்தான். லுங்கியெல்லாம் பருப்புத் தூசி. கையில் அந்த விஷப் பாக்கெட்டைச் சுருட்டிப் பிடித்திருந்தான்.

"ஜன்னல் வழியா எட்டிப் பாத்தேன்மா. ஒண்ணும் தெரியல," என்றான்.

கதவைத் திறந்து உள்ளே ஓடினேன். கூண்டு கூடத்து மூலையில் இருந்தது. உள்ளே விரித்த பழைய துணியின் மேல், காகிதம் போட்டு, அதன் மேல் தேங்காய்ச் சில்லுகளை ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தான். சீனி மூலையில் உடம்பைச் சுருட்டிக் கிடந்தது. விலா ஏறி ஏறி இறங்கியது. கர்கர் என்று மூச்சுச் சத்தம். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது.

உயிர் இருந்தது.

சில்லுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். ஒன்றில் மட்டும் ஓரம் இல்லை.

"இது வைக்கும்போதே ஒடைஞ்சிருந்துச்சா?"

சின்னான் குனிந்து பார்த்தான். திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"நெனவு இல்லம்மா. கத்தியில கீறும்போது ஒடையும். கடிச்ச மாதிரியும் இருக்கு. சத்தியமா எனக்குத் தெரியலம்மா."

அவன் கண் கலங்கிவிட்டது. நான் அவனை ஒரு வார்த்தை திட்டவில்லை. என்னத்தச் சொல்லித் திட்டுவேன்? சொன்ன வேலையைச் செய்தவன்.

பிரிட்ஜிலிருந்து மருந்தை எடுத்தேன். முதல் தடவை சிந்திவிட்டது. மறுபடியும் எடுத்து, துண்டில் சுற்றி, கடைவாய்ப் பக்கம் வைத்தேன். சீனி மெல்ல மெல்ல விழுங்கியது. சின்னான் என் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் கேட்டேன்மா," என்றான் திடீரென்று.

"என்ன கேட்ட?"

"மருந்த வைக்கிறதுக்கு முன்னாடி மொதலாளிக்கு போன் போட்டேன். கூண்டுக்குள்ள துணியெல்லாம் விரிச்சு, தண்ணி எல்லாம் வச்சிருக்கு, வெள்ளையா ஒண்ணு இருக்கு, வளக்குறது மாதிரி தெரியுது, இதுக்கா மருந்து வைக்கணும்னு கேட்டேன்."

சிரிஞ்சைக் கீழே வைத்தேன்.

"அதுக்கு என்ன சொன்னாரு?"

"ஆமா, சொன்னதச் செய்யின்னாரு. போன வச்சுட்டாரு."

வாசலில் கார் நிற்கும் சத்தம் கேட்டது. கார் உடனே திரும்பிப் போய்விட்டது. என் வீட்டுக்காரர் மட்டும் உள்ளே வந்தார். நெற்றியெல்லாம் வியர்வை.

"செத்துருச்சா?" என்றார்.

"இருக்கு."

சோபாவில் தொப்பென்று உட்கார்ந்தார். "அப்பாடா. நான் வர்ற வழியெல்லாம்—"

"சின்னான் உங்களுக்கு போன் பண்ணினானா?"

அவர் சின்னானைப் பார்த்தார். சின்னான் தலையைக் குனிந்துகொண்டான்.

"அவன எதுக்குப் பாக்குறீங்க? என்னையப் பாருங்க. வளக்குற எலி மாதிரி இருக்கேன்னு அவன் உங்கள்ட்டக் கேட்டானா இல்லையா?"

"கேட்டான்."

"அப்ப உங்களுக்குத் தெரியும். அவன் கையில எந்த மருந்து இருக்குன்னு தெரியும்."

"காருல இருந்தேன் நிசா." தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். "முன்னாடியும் பின்னாடியும் ஜமாத்துக்காரவுக. அம்புட்டுப் பேரு காதும் என் போன்லதான் இருந்துச்சு. அவுக மத்தியில உக்காந்துக்கிட்டு, எங்க வீட்டு எலிக்குச் சளி, சிரிஞ்சுல எடுத்து ஊட்டி விடுன்னு எப்படிச் சொல்ல? எப்படியாவது போன வச்சாப் போதும்னு இருந்துச்சு."

"அதுக்கு அது செத்தாலும் பரவாயில்ல."

"அப்படி இல்ல."

"அப்படித்தான். கார விட்டு எறங்கி ஓரமா நின்னு ஒரு வார்த்த பேசியிருக்கலாம். கொட்டாம்பட்டி வந்து சேர்ற வரைக்கும் வாயத் தொறக்கல. நான் கேட்டதுக்கப்புறமும் பெரிய மனுசனப் பாத்துச் சிரிச்சீங்க. நான் கேஸ அணைக்காம வந்த மறதிக்காரி. நீங்க மட்டும் யாரு முன்னாடியும் கூசக் கூடாது."

ஒரு எலிக்காகவா இவ்வளவு என்று கேட்பார் என்று எதிர்பார்த்தேன். கேட்டிருந்தால் அன்று நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார். கேட்கவில்லை. எலிக்காக மட்டும் இல்லை என்று அவருக்கும் தெரிந்திருந்தது.

"சரி," என்றேன். "இப்பக் காரும் இல்ல, ஜமாத்தும் இல்ல. சின்னான் ஒருத்தன்தான் நிக்கிறான். நம்ம வீட்டு ஆளு. அவன்கிட்டச் சொல்லுங்க. இது எங்க எலி, இதுக்கு ஒடம்பு சரியில்ல, இதுக்கு மருந்து குடுக்கணும்னு, உங்க வாயால ஒரு தடவ சொல்லுங்க."

அவர் சின்னானைப் பார்த்தார். உதடு அசைந்தது. சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். மனசுக்குள் துஆகூடச் செய்தேன், சொல்லிவிடட்டும் என்று. சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே பாதிக் கோபம் இறங்கியிருக்கும்.

"சின்னான்," என்றார். "நீ கடைக்குப் போ."

சின்னான் நகரவில்லை. என்னைப் பார்த்தான்.

"அவன் வரமாட்டான். கடைக்கு நீங்க போங்க," என்றேன். "சின்னான், ஆட்டோ பிடி. அந்தப் பாக்கெட்டையும் எடுத்துக்க, டாக்டர்கிட்டக் காட்டணும்."

சீனியைக் கூடையில் வைத்தேன். குளிருமென்று மேலே ஒரு துண்டைப் பாதி மட்டும் போட்டேன். விஷம் உள்ளே போயிருக்கிறதா இல்லையா என்று அதன் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. மூச்சு முன்னைவிட மோசமாக இருந்த மாதிரி எனக்குப் பட்டது. கூடையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

அவரும் பின்னாலேயே வந்தார். டாக்டரிடம் நானும் வருகிறேன் என்று சொல்லத்தான் வருகிறார் என்று நின்றேன்.

"நிசா," என்றார் தணிந்த குரலில். "தெருவுல ஆளுக இருக்காக. அந்தத் துண்ட முழுசா இழுத்து மூடிக்க."

கூடையின் மேல் கிடந்த துண்டை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். என் முந்தானைத் தலைப்பை உள்ளே விட்டுச் சீனியின் உடம்பைச் சுற்றி, முகம் வெளியே தெரியும்படி வைத்தேன்.

தெரு முழுக்க ஆள் இருந்தது. எதிர் வீட்டில் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் கழுத்தை நீட்டினார்கள்.

"என்னக்கா அது, எலியா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"ஆமா, எங்க வீட்டு எலி. ஒடம்பு சரியில்ல, டாக்டர்கிட்டக் கொண்டு போறேன்," என்று நின்று பதில் சொன்னேன்.

பின்னால் வீட்டுக்குள்ளிருந்து அவர் போன் அடித்தது. அடித்து நின்றது, மறுபடியும் அடித்தது. ஷிபாவைத் தவிர வேறு யாரும் அப்படி விடாமல் கூப்பிட மாட்டார்கள். நான் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து, கூடையை மடியில் வைத்துக்கொண்டேன். ஆட்டோ தெருமுனை திரும்பும் வரைக்கும் அந்தப் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவர் எடுக்கவில்லை.